கோசு இலைக்குப் பிடித்த வெள்ளைக் குடை

பிரபு,

போனில் சொல்லலாம் என்றால் பாதிப் பேச்சில் உனக்கு ஆபீஸிலிருந்து கால் வந்துவிடுகிறது. "ஒரு நிமிஷம்மா" என்று வைக்கிறாய். அந்த நிமிஷம் மறுநாள்தான் முடிகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, உன் வேலை அப்படி. எனக்கும் இப்போதெல்லாம் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் அதற்கு முன்னால் நாலு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். மத்தியானம் சாப்பிட்டு முடித்து மோட்டாருக்குக் கரண்ட் வருகிற வரைக்கும் எனக்கு வேறு வேலை கிடையாது. ஐந்தாவது வரை படித்தவளின் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. ஓசூரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு ஆனேக்கலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். கன்னடம் வாய்க்கு வந்தது, கைக்கு வரவில்லை. அதற்காகத்தானே உங்கள் ஆப்பில் எல்லாருக்கும் கன்னடம் வந்தபோது எனக்காக மட்டும் நீ தமிழைப் போட்டுக் கொடுத்தாய். அதை நான் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நீ இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, இந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டு வாசலுக்கே மளிகை கொண்டுவந்து கொடுக்கிற கம்பெனிக்குப் போகிறாய். இன்னொன்று, நீ இருந்தாலும் போனாலும் உங்கள் கம்பெனி எங்கள் பக்கத்தைக் கைவிடப் போகிறது. கோசு இலையைப் படமெடுத்துக் காட்டினால் யூரியா போடலாமா வேண்டாமா என்று சொல்கிற அந்த ஆப் இந்த மாதக் கடைசிக்குப் பிறகு இங்கே வேலை செய்யாது. முதல் விஷயத்தில் எனக்கு வருத்தமில்லை. உனக்கு வீடு இருக்கிறது, பெண் குழந்தை இருக்கிறது, மேலே போக வேண்டியவன் நீ. இரண்டாவது விஷயத்திலும் உன் மேல் கோபம் கிடையாது. கம்பெனியை மூடுவதும் திறப்பதும் உன் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொன்னாய் பார். "எல்லாருக்கும் மெசேஜ் போயிடும்மா. நீ ஒண்ணும் சொல்ல வேணாம்." அந்த வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

எல்லாருக்கும் என்றாயே, அந்த எல்லாரும் யார் என்று உனக்கு நினைவிருக்கிறதா? நம் நிலத்துக்கு மேலே சரிவில் நிலம் வைத்திருக்கிற பெண்கள். முனியம்மா, லட்சுமக்கா, அவர்களைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருத்தி கையிலும் போன் கிடையாது. வீட்டில் இருக்கிற ஒரு போனைப் புருஷனோ பிள்ளையோ எடுத்துக்கொண்டு காலையில் ஜிகணி பக்கம் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறார்கள். இலை இருக்கிற இடத்தில் போன் இருக்காது, போன் இருக்கிற இடத்தில் இலை இருக்காது. அதனால்தான் என் ஒரு போனை வைத்துக்கொண்டு காலைப் பனியில் நிலம் நிலமாக நான் ஏறி இறங்கினேன். உங்கள் கணக்கில் அத்தனை பேரும் என் நம்பரில்தான் இருக்கிறார்கள். நீ அனுப்பப்போகிற மெசேஜ் எல்லாருக்கும் போகாது. எனக்கு மட்டும்தான் வரும். அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் நான்தான் அந்தச் சரிவு ஏற வேண்டும்.

இது எங்கே ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். நிலாவை முதன்முதலாக இந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தீர்களே, அன்றைக்கு. கைக்குழந்தை. ரம்யாவுக்குப் பால் பத்தாமல் பவுடர் பால் கொடுத்துக்கொண்டிருந்த சமயம். வாசலில் ஆரத்தி சுற்றிவிட்டு நான் உள்ளே ஓடி, நம் போர்த் தண்ணீரைத் தளதளவென்று காய்ச்சி, ஆறவைத்து, என் கல்யாணச் சீர் வெள்ளி டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினேன். ரம்யா வாங்கவில்லை. அவள் பையிலிருந்து கேன் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

"அத்தை, தப்பா நினைக்காதீங்க. உங்க தண்ணில நைட்ரேட் ஜாஸ்தியாம். இவரு போன தடவ எடுத்துட்டுப் போயி டெஸ்ட் பண்ணாரு. பச்சக் கொழந்தைக்கு ஆகாதாம்."

"காய்ச்சிட்டேம்மா. நல்லாக் கொதிக்க விட்டேன்."

"காய்ச்சினா இது போகாது அத்தை. தண்ணி சுண்டி இன்னும் ஜாஸ்திதான் ஆகுமாம்."

அவளை நான் தப்பாக நினைக்கவில்லை. தங்கவயல் பெண் அவள். குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவள், தண்ணீரின் அருமை என்னைவிட அவளுக்குத் தெரியும். அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன். ஆனால் அந்த டம்ளரை வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் நின்றேனே, அந்த நிற்பு எனக்கு இன்னும் முடியவில்லை. வழியில் போகிற பஸ் டிரைவர் கேட்டாலும் தண்ணீர் கொடுக்கிற வீடு இது. என் பேத்திக்குக் கொடுக்கத் தண்ணீர் இல்லை. நீதான் அப்புறம் உட்கார்ந்து சொன்னாய். நாம் போடுகிற யூரியாவில் பயிர் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறது, மிச்சம் தண்ணீரோடு கீழே இறங்குகிறது, மாட்டுக்கொட்டகைச் சேறும் கக்கூஸ் குழியும் சேர்ந்து எல்லாம் போரில் போய் நிற்கிறது என்று. "நம்ம நிலத்துல மட்டும் கொறச்சா பத்தாதும்மா. மேல சரிவுல இருக்கறவங்களும் கொறைக்கணும்" என்றாய்.

அதைச் சொன்ன கையோடு அந்த ஆப்பையும் என் போனில் ஏற்றிக் கொடுத்தாய். நீயும் உன் கூட்டாளிகளும் செய்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓசூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் சொன்னேன். உரக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் அன்றிலிருந்து என்னைப் பார்த்தாலே, "ஏனம்மா, மகன் போன்லயே யூரியா அனுப்பறானாமே, நம்ம கடையை மூடிடலாமா?" என்று கிண்டல் செய்ய ஆரம்பித்தார். சிரித்துவிட்டு வந்தேன். முனியம்மாவிடமும் லட்சுமக்காவிடமும் நான் தண்ணீரைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவர்கள் வீட்டிலும் அதே தண்ணீர்தான், கண்ணுக்குத் தெளிவாக இருக்கிற தண்ணீரைக் கெட்டுப்போனது என்றால் யார் நம்புவார்கள்? "என் பிள்ளை செஞ்சது, நம்புங்க" என்றுதான் சொன்னேன். அவர்கள் நம்பியது உங்கள் ஆப்பை இல்லை. என்னை.

தழைச்சத்து குறைந்தால் இலை வெளுக்கும், கூடினால் கருக்கும், அந்தப் பச்சையின் அளவைப் போன் பார்த்துச் சொல்லும், அவ்வளவுதானே. கேட்க எளிதாக இருந்தது. ஆனால் படத்தை நேர் வெயிலில் எடுக்கக்கூடாது, நிழலில் எடுக்க வேண்டும் என்று உங்கள் ஆப் சொன்னது. கோசுத் தோட்டத்தில் நிழலுக்கு எங்கே போவது? மரம் இருந்தால் அங்கே கோசு ஏன் வைக்கப்போகிறோம்? அதனால் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். நிலத்துக்காரி குனிந்து முந்தானையை இலைக்கு மேலே விரித்துப் பிடிப்பாள், நான் முட்டி போட்டுப் படமெடுப்பேன். என் முட்டி என்ன பாடுபட்டது என்பதை விடு. பார்க்கிறவர்களுக்கு, கோசுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கிற மாதிரி இருக்கும் என்று முனியம்மா சொல்வாள்.

இந்த வழியில் என்ன கோளாறு இருந்தது என்பது அந்த மார்கழியில் தெரிந்தது. அந்த வருஷம் நாங்கள் எல்லாரும் சக்திக்கு மாலை போட்டிருந்தோம். மாலை போட்டால் இறக்குகிற வரைக்கும் சிவப்புப் புடவைதான், உனக்குத் தெரியும். சரிவு முழுக்கச் சிவப்பாக நடமாடினோம். கோசு உருண்டு கட்டுகிற சமயம். காலையில் போய்ப் படமெடுத்தால் எல்லார் நிலத்துக்கும் ஒரே பதில்: தழைச்சத்து குறைவு, யூரியா போடவும். என் கண்ணுக்கு இலை நல்ல பச்சையாகத்தான் தெரிந்தது. லட்சுமக்காகூடக் கேட்டாள், "இதுக்கு மேல என்னக்கா பச்சை வேணும் இதுக்கு?" நான்தான் அடித்துச் சொன்னேன், "உனக்குத் தெரியுமா, போனுக்குத் தெரியுமா?" என்று. போட்டார்கள். மறுபடியும் படம், மறுபடியும் குறைவு. மறுபடியும் போட்டார்கள். நான் ஊர்ப்பட்ட யூரியாவைக் குறைக்கப் புறப்பட்டவள், போட வைத்துக்கொண்டு நின்றேன்.

தை பிறந்து வெயில் ஏறியதும் கோசு வெடிக்க ஆரம்பித்தது. வேகமாக ஊதி, தாங்காமல், நடுவில் வாய் பிளந்துகொண்டு நின்றது. வெடித்த கோசை மண்டியில் யார் எடுப்பார்கள்? லட்சுமக்கா நிலத்தில் மாட்டை விட்டு மேய விட்டாள். முனியம்மா நிலத்தில் மட்டும் வெடிக்கவில்லை. ஏனென்றால் அங்கே கோசு வெடிக்கிற அளவுக்கு வளரவே இல்லை. மாலை போடுவதற்கு முன்னால் அவள் நிலத்துக்குக் கட்டியது இரண்டே இரண்டு புடவை, இரண்டும் பச்சை. பச்சை முந்தானை நிழலில் எடுத்த படத்தில் இலை எப்போதும் செழிப்பாகத்தான் இருந்திருக்கிறது. வளர வேண்டிய சமயத்தில் ஆப் அவளுக்கு ஒரு பிடி யூரியா போடச் சொல்லவில்லை, மார்கழியில் சொன்னது காலம் கடந்து. "எல்லாருது கோசு, எனக்கு மட்டும் கொழுக்கட்டை" என்றாள். அன்றைக்குச் சிரிக்கத்தான் சிரித்தோம்.

இது புடவையால் வந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. உனக்கும் தெரியவில்லை. நான் போன் செய்து கோசு வெடித்ததைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "ஆப்ல ஒண்ணும் தப்பு இல்லம்மா. நீங்கள்லாம் போட்டோ ஒழுங்கா எடுக்கல." நீங்கள்லாம். அந்த வார்த்தையில் என்னையும் முனியம்மாவையும் லட்சுமக்காவையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாகத் தள்ளினாய். நான் போனை வைத்துவிட்டேன். உன்னோடு வேலை செய்கிற அந்தக் காவ்யா, குடகுப் பெண், அவள்தான் எங்கள் படங்களையெல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்துவிட்டு, இதென்ன எல்லாமே மாதுளம்பழ ஜூஸில் முக்கி எடுத்த மாதிரி இருக்கிறதே என்று கேட்டாளாம். சிவப்புத் துணி வழியாக இறங்குகிற வெளிச்சத்தில் பச்சை செத்துப்போகும், போன் அதை வெளுத்த இலை என்று எடுத்துக்கொள்ளும் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். இரண்டு பேர் பேரிலும் தப்பில்லாத ஒரு தப்பு. நாங்கள் நிழல் பிடித்தோம், நீங்கள் கேட்ட மாதிரி. நீங்கள் நிழல் கேட்டீர்கள், அது எந்த நிழல் என்று சொல்லவில்லை. வயலில் நிற்கிறவள் என்ன கட்டியிருப்பாள் என்று ஆபீஸில் உட்கார்ந்து யாருக்குத் தோன்றும்?

அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் நான் இப்போது உனக்கு நினைவுபடுத்த வேண்டும். ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காவ்யாவையும் பைக்கில் கூட்டிக்கொண்டு, கையில் ஒரு பெரிய வெள்ளைக் குடையோடு வந்து இறங்கினாய். மோட்டார் கொட்டகைக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெடித்த கோசு ஒன்றை முனியம்மா உன் காலடியில் உருட்டிவிட்டாள்.

"வா தம்பி. உன் போன் பெத்த புள்ளைய பாரு."

நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். அப்புறம் சொன்னாய், "யக்கா, தப்பு எங்களுதுதான். போட்டோ எடுக்கறவங்க எங்க நிப்பாங்க, என்ன கட்டியிருப்பாங்கன்னு யோசிக்கல நாங்க."

"அப்ப இனிமே நாங்க வெள்ளப் பொடவ கட்டணுமா? என் வீட்டுக்காரன் இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கான்டா!"

அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டாய். குடையை விரித்து அவள் கையில் கொடுத்தாய். வெள்ளைக் குடை நிழலில் எந்த வண்ணமும் ஏறாது, பச்சை பச்சையாகவே தெரியும் என்று காவ்யா அவளுடைய கன்னடத்தில் சொல்ல, லட்சுமக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் எல்லார் நிலத்துக்கும் போய் ஒவ்வொருத்தியோடும் நின்று படமெடுத்துக் காட்டினீர்கள். உன் வெள்ளை ஷூவெல்லாம் சேறு. நஷ்டப்பட்டது நஷ்டப்பட்டதுதான், அதை நீ திருப்பித் தரவில்லை, தரவும் முடியாது. ஆனால் ஒருத்திகூட விட்டுப் போகவில்லை. ஏன் தெரியுமா? நீ வந்தாய், நின்றாய், திட்டு வாங்கிக்கொண்டாய். அதனால். நான் உன்னைப் பெற்றதற்காகப் பெருமைப்பட்ட நாள்கள் எத்தனையோ உண்டு. முதல் வேலை கிடைத்த நாள், ஜோகுபாளையத்தில் வீடு பார்த்து என்னை மெட்ரோவில் அழைத்துப்போன நாள், எல்லாம் உண்டு. அவை எல்லாவற்றையும்விட எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பெரிது. இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் செவ்வாய்க்கிழமை அந்த வார்த்தை உன் வாயில் வந்திருக்காதோ என்னவோ.

அதிலிருந்து இன்றைக்கு வரைக்கும் குடையும் போனுமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். இப்போது கோசு மட்டுமில்லை, மக்காச்சோளத்துக்கும் பார்க்கிறோம். போன் வேண்டாம் என்று சொன்னால் யாரும் யூரியா போடுவதில்லை. முன்பெல்லாம் பக்கத்து நிலம் கருகருவென்று தெரிந்தால் போதும், உடனே இங்கேயும் ஒரு மூட்டை பிரிப்பார்கள். அந்தப் போட்டி நின்றிருக்கிறது. இலையில் பூச்சியும் குறைவு. உரக்கடைக்காரர் இப்போது கிண்டல் செய்வதில்லை. "அப்படி என்னதாம்மா சொல்லுது அது?" என்று ஒரு நாள் போனை வாங்கிப் பார்த்தார். போன கோடையில் காவ்யா வந்து போர்த் தண்ணீரை எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டுப் போன் செய்தாள். நைட்ரேட் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் தண்ணீர் இன்னும் குடிக்கிற அளவுக்கு வரவில்லை, நிலத்துக்கு அடியில் இருப்பது மெதுவாகத்தான் போகும், விடாமல் இருந்தால் இன்னும் சில மழைக்காலம் போனால் தெரியும் என்றாள். இன்னும் சில மழைக்காலம். எனக்குக் கேட்டபோது அலுப்பாக இருந்தது, பிரபு. உங்கப்பா போன பிறகு எனக்கு எதையும் நீளமாக யோசிக்க முடிவதில்லை. இந்த மழை, அடுத்த மழை, அதற்கு மேல் போகாது என் கணக்கு. இருந்தாலும் சரி என்றுதான் சொன்னேன்.

இப்போது ஆப் இல்லை என்றால் என்ன ஆகும்? ஒன்றும் இடி விழாது. முதல் பருவம் பழைய நினைவில் கொஞ்சமாகப் போடுவார்கள். அடுத்ததில் ஒருத்திக்குச் சந்தேகம் வரும், ஒரு பிடி கூடப் போடுவாள். அவள் நிலம் கருப்பதைப் பார்த்து அடுத்தவள் போடுவாள். அவ்வளவுதான். தண்ணீரில் குறைந்த நைட்ரேட் மறுபடியும் ஏறும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அளவு சொல்ல ஆள் இல்லாவிட்டால் பயத்தில் கை தாராளமாகத்தான் போகும்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஜோகுபாளையத்துக்கே வந்துவிடு என்கிறாய். ரம்யாவும் சொல்கிறாள், மனதாரத்தான் சொல்கிறாள். வருவேன். எனக்கும் முடியவில்லை. முட்டி மடங்கினால் நிமிர மாட்டேன் என்கிறது, படமெடுத்த பிறகு முனியம்மாதான் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறாள். உங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து நிலா ஸ்கூல் விட்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஆசை இல்லையா? பேத்தி உங்கள் கட்டடத்துப் பிள்ளைகளோடு கன்னடத்தில் பேசி, ரம்யாவிடம் தமிழில் பேசி, மிஸ்ஸிடம் இங்கிலீஷில் பேசுவதை ஊரெல்லாம் சொல்லி எனக்கு வாயே வலிக்கிறது. ஆயா என்றால் ஸ்கூலில் வேலை செய்கிற ஆயா என்று நினைத்துக்கொண்டு அவள் என்னைக் கன்னடத்தில் அஜ்ஜி என்கிறாள். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. வருவேன், ஆனால் இவர்களை இழுத்துவிட்டு ஓடிப்போனவளாக வர மாட்டேன். மகன் ஆரம்பித்தான், அம்மா கூட்டிச் சேர்த்தாள், இரண்டு பேரும் ஒரே மாதத்தில் காணாமல் போனார்கள் என்று முனியம்மா சொல்லக்கூடாது. அவள் சொல்ல மாட்டாள். சொல்லாமல் இருப்பாள் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அதனால் இரண்டு காரியம் நீ செய்ய வேண்டும். பெரிய காரியமில்லை. போன் எந்தப் பச்சையைப் பார்த்து வேண்டாம் என்கிறது, எந்தப் பச்சையைப் பார்த்துப் போடு என்கிறது என்று உங்களிடம் இருக்கும்தானே? அந்தப் பச்சைகளை வெளுப்பிலிருந்து கருப்பு வரைக்கும் வரிசையாக ஒரு பிளாஸ்டிக் அட்டையில் அச்சடித்துக் கொடு. கோசுக்கு ஒன்று, சோளத்துக்கு ஒன்று. இலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இலை எந்தப் பச்சையோடு பொருந்துகிறது என்று எங்களுக்கே தெரியும். ஆரம்பத்தில் நீயே சொன்னாய், விவசாய ஆபீஸில் நெல்லுக்கு அப்படி ஓர் அட்டை கொடுப்பார்கள், அது பழைய முறை, எங்களுடையது அதைவிடத் துல்லியம் என்று. இருக்கட்டும். துல்லியம் போனாலும் ஏதோ ஓர் அளவு இருக்கட்டும். ஆளுக்கு ஒன்று. போன் கேட்காது, கரண்ட் கேட்காது, ஜிகணிக்குப் போகாது. எந்தப் பச்சைக்கு எவ்வளவு என்பதைப் பின்னால் தமிழிலும் கன்னடத்திலும் எழுதச் சொல். அது உங்கள் கம்பெனிச் சொத்து, கொடுக்க விட மாட்டார்கள் என்றால் வெளிப்படையாகச் சொல்லிவிடு. கேட்டுப் பார்த்தேன், தரவில்லை என்று நீ சொன்னால் இந்தப் பெண்கள் ஒத்துக்கொள்வார்கள். கேட்காமலே இருந்துவிடாதே. காவ்யாவையும் கேட்கச் சொல், அவள் கேட்டால் கிடைத்தாலும் கிடைக்கும்.

இரண்டாவது, அந்த மெசேஜை அனுப்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயே வா. அட்டை கிடைத்தாலும் வா, கிடைக்காவிட்டாலும் வா. மோட்டார் கொட்டகைக்கு முன்னால் அவர்களை உட்காரச் சொல்கிறேன். அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்று, இது நின்றுபோகிறது, இந்தக் காரணத்தால் நின்றுபோகிறது என்று உன் வாயால் சொல். நீ புதிதாகப் போகிற இடத்திலும் இதே மாதிரிதான் இருக்கும். வண்டியில் மளிகை எடுத்துக்கொண்டு ஓடுகிற பையன்களுக்கு எந்த வழியில் போக வேண்டும் என்று போன் சொல்லும், அதை நீ செய்வாய். அங்கேயும் ஒரு நாள் ஏதாவது சிவப்புப் புடவை குறுக்கே வரும். மழையோ, மேடோ, வாசலில் நாயோ, என்னவோ. அப்போது "நீங்கள்லாம்" என்று ஆரம்பிக்காதே. அந்த ஞாயிற்றுக்கிழமை போன மாதிரி நீயே போய்ப் பார். நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்குப் படித்தவள் இல்லை. நீ ஒரு தடவை செய்ததைத்தான் மறுபடி செய்யச் சொல்கிறேன்.

இதுவரைக்கும் எழுதியதை நேற்று முனியம்மாவுக்கும் லட்சுமக்காவுக்கும் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டிவிட்டேன். உன்னிடம் கேட்காமல் செய்தேன். அவர்களிடம் மறைத்து வைத்துக்கொண்டு தினமும் குடையைத் தூக்கிக்கொண்டு போக என்னால் முடியவில்லை. விஷயம் இப்போது அவர்களுக்குத் தெரியும். எனவே நீ வந்து சொல்ல வேண்டியது சேதிக்காக இல்லை. படித்து முடித்ததும் லட்சுமக்கா எழுந்து போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தாள். அப்புறம் முனியம்மாதான் வாயைத் திறந்தாள்.

"வரச் சொல்லு யக்கா. கோசு உருட்ட மாட்டேன்னு எழுது."

"நெஜமா உருட்ட மாட்டியா?"

"வந்தா உருட்ட மாட்டேன். வராட்டிதான் பஸ் ஏறி ஜோகுபாளையத்துக்கே கொண்டாந்து உருட்டுவேன்."

குடையை என்ன செய்வது என்றும் கேட்டார்கள். அது உங்கள் ஆபீஸ் குடை. திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். கம்பி ஒன்று வளைந்திருக்கிறது, அது என்னால்தான். கேட்காவிட்டால் இங்கேயே இருக்கட்டும், அட்டை பார்க்கவும் நிழல் வேண்டும்தானே.

வரும்போது ரம்யாவையும் நிலாவையும் கூட்டிக்கொண்டு வா. போன வாரம் போனில் குழந்தை கேட்டாள், "அஜ்ஜி, உங்க தண்ணிக்கு ஒடம்பு சரியாயிடுச்சா?" என்று. இன்னும் ஆகவில்லை, மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். அவள் பாட்டிலோடு வருவதில் எனக்கு இப்போது வருத்தம் கிடையாது. ஆனால் இங்கே வந்தால் முனியம்மா பேரன்களோடு வரப்பில் ஓடுவாள், தாகம் எடுக்கும், பாட்டில் காலியாகிவிடும். நிரப்பிக் கொடுக்க என்னிடம் இன்னும் தண்ணீர் இல்லை. ரம்யாவிடம் சொல், இரண்டு பாட்டிலாகவே எடுத்துவரட்டும்.

கரண்ட் வந்துவிட்டது.

அம்மா